இருபது கிலோவுக்குக் கீழே

எடைமேடையில் பதினாறு வருடம்.
லோரி ஏறும், சிவப்பு எண் நடுங்கி நிற்கும்,
பொத்தானை அழுத்துவேன், சீட்டைக் கிழிப்பேன்.
செம்பனைக் குலைகளுக்கு நடுவே மண்ணள்ளிப் போட்டவனை
டயர் அமுங்குவதை வைத்தே சொல்லிவிடுவேன்.
"கல்லு வச்சிருக்கியா குணாளா?"
"சத்தியமா இல்லக்கா."
வைத்திருந்தது நான்.

புதன்கிழமை, பத்தேகால் மணி.
இடது விலாவுக்குக் கீழே யாரோ
ஈரத்துணியைப் பிழிவதுபோல் பிழிந்தார்கள்.
நின்றாலும் வலி. உட்கார்ந்தாலும் வலி.
மேசைக்கடியில் மண்டிபோட்டபடி
ஒரு லோரியின் எடையைத் தரையிலிருந்தே படித்தேன்:
பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது.
குலைகளை இறக்கிய கையோடு குணாளன்தான்
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்,
சாலையின் ஒவ்வொரு குழிக்கும் என்னிடம்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

டாக்டர் ஃபைசாவுக்கு என் மகள் வயது இருக்கும்.
நான்கு மில்லிமீட்டர் என்றார்.
தாளில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார்.
பொத்தோங்கா என்று கேட்டேன்,
கோழிக்கடையில் கேட்பதுபோல்.
அவர் சிரிக்கவில்லை. வெட்ட வேண்டாம்.
இவ்வளவு சிறியது தானாகவே இறங்கப் பார்க்கும்.
வழியைத் தளர்த்த ஒரு கேப்சூல், வலிக்கு ஒன்று,
நாலு வாரம் பார்ப்போம்.
காய்ச்சலோ நடுக்கமோ வந்தால்
அந்த நிமிடமே ஓடி வா.

மருந்துக் கவுண்டரில் கவிநேசன் என்ற பையன்
கேப்சூலைப் பார்த்தான், என் பெயரைப் பார்த்தான்.
"இது அதிகமா வயசான ஆம்பளைங்களுக்குத்தான்..."
காது சிவந்து நிறுத்திக்கொண்டான்.
ராத்திரி, சாப்பிட்ட பிறகு. எழும்போது மெதுவாக.

எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று
டாக்டர் கேட்டதற்கு மட்டும் பொய் சொல்லியிருந்தேன்.
ஆலையில் பெண்களுக்கு ஒரே கழிப்பறை,
கொதிகலனுக்குப் பின்னால்.
சாவி காவலாளியிடம். காவலாளி கேட்டில்.
காலையில் ஒரு தே ஓ, மதியம் அரைக் குவளை,
வீடு போய்ச் சேரும்வரை பல்லைக் கடித்துக்கொள்வது.
கல் வேறெங்கே விளையும்.

ஐந்து நாள் எம்சி.
வீட்டுக்காரர் பழைய தேநீர் வடிகட்டிக்குச்
சிவப்பு நெயில்பாலிஷ் தடவிக் கொடுத்தார்:
"இது இனிமே அடுப்படிக்குத் திரும்பக் கூடாது."
பக்கத்து வீட்டு லோகேஸ்வரி வாழைத்தண்டோடு வந்தாள்.
மறுக்க முடியவில்லை. பொரியல் செய்தோம்.
மூன்றாம் நாள், எழுந்த வேகத்தில் தலை சுற்றியது.
நிலைக்கதவைப் பிடித்தபடி
என் எடை என்னிடம் திரும்பி வரக் காத்திருந்தேன்.
ஏழாம் நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாளும்.
பன்னிரண்டாம் இரவு மறுபடி பிழிந்தது.
விசிறிக்கு மூன்றே இறக்கை.
விடியும்வரை எண்ணினேன்.

பதினான்காம் நாள் அதிகாலை
வடிகட்டியில் டிக்கென்று ஒரு சத்தம்.
கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா.
காப்பித்தூள் நிறம். ஒரு பக்கம் முள்.
இதற்கா?

ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.
மருந்து உறையிலேயே போட்டு எடுத்துப் போனேன்.
முதல் லோரி வருமுன்
எடைமேடையின் நட்டநடுவில் வைத்துவிட்டு
கண்ணாடி அறைக்குள் ஓடிவந்து பார்த்தேன்.
சைபர்.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் கிடையாது.
குணாளன் ஹார்ன் அடித்தான். ஓடிப்போய்ப் பொறுக்கினேன்.

கழிப்பறைச் சாவிக்கு ஒரு நகல் வேண்டுமென்றேன்.
எழுதிக் கொடு என்றார் மேனேஜர். எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்: கல்.
இன்னும் பதில் இல்லை.
காவலாளி தில்பகதூர் மட்டும்
நான் கதவைத் திறந்ததுமே தூரத்திலிருந்து
சாவியை உயர்த்திக் காட்டுகிறான்.
மேசைமேல் இரண்டு லிட்டர் போத்தல், பாதி காலி.
வெளியே நான்கு லோரி நிற்கிறது.
நிற்கட்டும்.